எங்கள் மரத்துக்கு ஒரு ஈ.ஸி.ஜி.!

ராத்திரி மூன்று மணிக்கு 'மடார்' என்று ஒரு சத்தம். கரண்ட் போன இருட்டில் பதினாறு ஃப்ளாட் கதவுகளும் ஒரே சமயத்தில் திறந்தன. டார்ச் அடித்துப் பார்த்தால், எஃப்-3 பையன் வாங்கிப் பதினோரு நாளே ஆன பைக்கின் மேல், எங்கள் காம்பவுண்டு தூங்குமூஞ்சி மரத்தின் கிளை ஒன்று சாவகாசமாகப் படுத்திருந்தது. பெட்ரோல் டாங்க் அப்பளம். பையன் அழவில்லை. "இன்னும் முப்பத்தஞ்சு டியூ பாக்கி ஸார்" என்று மட்டும் சொன்னான். அதற்கு அவன் அழுதே இருக்கலாம்.

எங்கள் அசோஸியேஷனுக்கு அடியேன்தான் செகரட்டரி. போட்டி போட்டு ஜெயித்த பதவி அல்ல. மூன்று வருஷம் முன்பு ஒரு மீட்டிங்குக்கு ஆபீஸிலிருந்து அரைமணி லேட்டாக வந்தேன். வந்து சேர்ந்தபோது செகரட்டரி ஆகியிருந்தேன். நீங்கள் ஃப்ளாட்டில் குடியிருப்பவரானால், தயவுசெய்து மீட்டிங்குக்கு நேரத்தோடு போய்விடுங்கள்.

மறுநாளே அவசரக் கூட்டம். நங்கநல்லூர் பக்கம் இருக்கும் எங்கள் கட்டடத்தில் பெரிய மரங்கள் இரண்டு. பின்பக்கம், பைக் ஸ்டாண்டுக்கு மேலே சாய்ந்து நிற்கும் தூங்குமூஞ்சி. தண்டில் ஆளுயரத்துக்கு மேல் ஒரு பெரிய பொந்து. அதில் ஒரு மைனா குடும்பம் (மெயின்டனன்ஸ் கட்டாத ஒரே குடித்தனம்). முன்பக்கம், கேட்டை ஒட்டினாற்போல் மயில்கொன்றை. மே மாதம் வந்தால் இலையே தெரியாமல் செக்கச்செவேலென்று பூக்கும். தெருவில் போகிறவர்கள் நின்று போட்டோ எடுப்பார்கள். ஃப்ளாட் வாடகைக்கு விடும் விளம்பரத்திலேயே அந்த மரம்தான் முதல் படம். அதன் நிழலில், சுவருக்கு வெளியே, இஸ்திரி வண்டி. காலை ஏழிலிருந்து ராத்திரி எட்டு வரை இஸ்திரிக்கார அண்ணன் அங்கேதான்.

குற்றவாளிக் கூண்டில் நின்றது தூங்குமூஞ்சி மட்டும்.

"சாஞ்சு நிக்கற மரம் என்னிக்கிருந்தாலும் விழும். வெட்டிடுங்கோ" என்றார் ஜி-2 ஸார். மின்வாரியத்தில் முப்பது வருஷம் இருந்து ரிடையர் ஆனவர். கம்பம், மரம் இரண்டையும் ஒரே கண்ணால் பார்ப்பவர்.

"பச்சை மரத்தை வெட்டினா பாவம்" என்றார் மூன்றாம் மாடி மாமி. பிறகு யோசித்து, "ஆனா வடாம் காயப்போட்டா அத்தனையும் அதோட எலைதான் விழறது" என்று இரண்டு பக்கமும் ஓட்டுப் போட்டார்.

மரம் வெட்டுகிற ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினோம். அவர் தண்டைத் தட்டினார், பொந்தைப் பார்த்தார், "உள்ள ஒண்ணுமே இல்ல ஸார், நாளைக்கே விழுந்தாலும் விழும்" என்றார். எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். "நீங்க ஒண்ணும் தர வேணாம். கட்டையை நானே எடுத்துக்கறேன்." எனக்கு அங்கேதான் இடித்தது. உள்ளே ஒன்றுமே இல்லாத கட்டையை எடுத்துக்கொண்டு இந்த மனுஷன் என்ன பண்ணுவார்? ஆட்டுக்கு உடம்பு சரியில்லையா என்று பார்க்கக் கசாப்புக் கடைக்காரரைக் கூட்டி வந்த கதையாக இருந்தது.

ஆபீஸில் இதைப் புலம்பியபோது பக்கத்து ஸீட் நண்பர்தான் சொன்னார்: "மரத்தைச் சோதிச்சு ரிப்போர்ட் தர்றதுக்குன்னே ஆள் இருக்காங்கப்பா. ஆர்பரிஸ்ட்டுனு பேரு." எனக்குத் தெரிந்த 'இஸ்ட்'களில் டென்டிஸ்ட், டைப்பிஸ்டோடு சரி. விசாரித்ததில் விஷயம் நிஜம். சர்வதேச மரவியல் சங்கம் என்று ஒன்று இருக்கிறது. பரீட்சை வைத்து சர்ட்டிபிகேட் தருகிறது. மரத்தால் வரும் ஆபத்தை எடை போடுவதற்குத் தனியாகவே ஒரு பயிற்சியும் உண்டு. நம் ஊரில் இந்த ஆட்கள் ரொம்பக் குறைச்சல். முக்கியமான விஷயம், இவர்கள் பார்த்துச் சொல்வதோடு சரி. கட்டையைத் தூக்கிக்கொண்டு போக மாட்டார்கள்.

ஃப்ளாட்டுக்கு 500 ரூபாய் என்றதும் ஜி-2 ஸார் எழுந்து நின்றுவிட்டார். "எனக்கு முட்டிவலி வந்து ஆறு மாசமாச்சு, நானே டாக்டரைப் பார்க்கலை. மரத்துக்கு ஸ்பெஷலிஸ்ட்டா?"

பைக் பையன் ஒரே ஒரு கேள்வி கேட்டான். "மூணு மணிக்கு பதிலா, காலைல ஒன்பது மணிக்கு விழுந்திருந்தா ஸார்?" ஒன்பது மணிக்கு அந்த ஸ்டாண்டில் எட்டுப் பேர் பைக் உதைத்துக்கொண்டிருப்போம். தீர்மானம் நிறைவேறியது.

ஞாயிற்றுக்கிழமை ஏழரைக்கு ஸ்கூட்டரில் ஒரு பெண்மணி வந்து இறங்கினார். முப்பத்தைந்து வயசு இருக்கும். மேட்டுப்பாளையத்தில் வனவியல் படித்தவராம். தோளில் பை, அதில் பைனாகுலர், டேப்பு, நீளமான ஒரு இரும்புக் கம்பி, ஒரு நைலான் சுத்தியல். ஸ்டெதாஸ்கோப் இல்லாததில் மாமிக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

நாங்கள் பத்துப் பேர் ஊர்வலமாக அவரைப் பின்பக்கம் தூங்குமூஞ்சியிடம் அழைத்துப் போக, அவர் கேட்டிலேயே நின்றுவிட்டார். தெருவைத் தாண்டி எதிர்ச்சாரிக்குப் போய் அங்கிருந்து மயில்கொன்றையை அண்ணாந்து பார்த்தார்.

"மேடம், பேஷன்ட் பின்னாடி இருக்கு" என்றேன்.

"வந்ததுக்கு ரெண்டையும் பார்த்துடறேனே ஸார். ஒண்ணுக்கு ஃபீஸ் வேண்டாம்" என்றார். ஜி-2 ஸார் முகம் மலர்ந்தது.

அந்த ஒரு காலைப்பொழுதில் நான் கற்றுக்கொண்டது, பதினாறு வருஷம் ஸ்கூலிலும் காலேஜிலும் மரத்தைப் பற்றிக் கற்றதைவிட அதிகம். முதல் ஆச்சரியம், அவர் கேட்ட கேள்விகள். மரத்தின் வயசைக் கேட்கவில்லை. "இதுக்கடியில தினம் யார் யார், எத்தனை நேரம் நிக்கறாங்க?" என்று கேட்டார். நடுக்காட்டில் ஒரு மரம் உளுத்துப் போய் நின்றால் அது மரத்தின் சொந்த விஷயம். அதுவே பஸ் ஸ்டாப்பில் நின்றால் ஊர் விஷயம். முறிந்து விழ எவ்வளவு வாய்ப்பு, விழுந்தால் ஆள்மேல் பட எவ்வளவு வாய்ப்பு, பட்டால் எவ்வளவு சேதம். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் 'ஆபத்து' என்ற வார்த்தையையே அவர்கள் சொல்கிறார்கள். மரம் மட்டும் மோசமாக இருந்தால் போதாது, அடியில் மனுஷனும் இருக்கவேண்டும்.

பிறகு தூங்குமூஞ்சிக்கு வந்தோம். சாய்வைக் காட்டி ஜி-2 ஸார் தன் கட்சியை எடுத்து வைத்தார். மேடம் நுனியைக் காட்டினார். தண்டு சாய்ந்திருந்தாலும், மேலே போகப் போக மரம் வளைந்து செங்குத்தாக நிமிர்ந்திருந்தது.

"இது விழற சாய்வு இல்ல ஸார். பில்டிங் வந்ததும் வெளிச்சத்தைத் தேடி சின்ன வயசுலயே சாஞ்சிருக்கு. அப்புறம் தானே சுதாரிச்சுக்கிட்டு நிமிர்ந்திருக்கு. நேத்து வரைக்கும் நேரா நின்ன மரம் திடீர்னு சாஞ்சு, அடிமண்ணுல வெடிப்பு விட்டிருந்தா, அதான் ஆபத்து. அப்ப என்னைக் கூப்பிடாதீங்க, உடனே எல்லாரையும் தள்ளி நிறுத்துங்க."

ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூ நகரத்தில் வேலை பார்த்தவர் க்ளாஸ் மட்டெக் என்ற பௌதிக விஞ்ஞானி. மரத்துக்கும் உடல்மொழி உண்டு என்பது அவர் கட்சி. எங்கே பலவீனமோ அங்கே மரம் தானாகவே கூடுதல் கட்டை போட்டு முட்டுக் கொடுத்துக்கொள்ளும். அந்த வீக்கத்தையும் மடிப்பையும் படிக்கத் தெரிந்தால், உள்ளே என்ன கோளாறு என்று வெளியிலிருந்தே பாதி சொல்லிவிடலாம். இந்த வேலையில் இருப்பவர்களுக்கு அவர் போட்ட பாதைதான் இன்றைக்கும் அடிப்படை.

அடுத்து சுத்தியல். தண்டைச் சுற்றிச் சுற்றி வந்து, தரையிலிருந்து தலை உயரம் வரை தட்டினார். பலாப்பழம் வாங்கும்போது தட்டிப் பார்ப்போமே, அதே வித்தைதான். கெட்டியான இடத்தில் 'டக்'. பொந்துக்குப் பக்கத்தில் 'டொம்'. அந்த 'டொம்'மைக் கேட்டதும் கூட்டத்தில் ஒரு 'உச்'.

"பொந்து இருந்தா மரம் செத்துப்போச்சுன்னு அர்த்தம் இல்லைங்க" என்றார். நடுமரம் என்பது ஏற்கெனவே உயிரில்லாத கட்டைதானாம். உயிர் ஓடுவது பட்டைக்கு அடியில் இருக்கிற வெளி வளையத்தில். நடு உளுத்துப் போனாலும், சுற்றிலும் கெட்டியான சுவர் போதுமான அளவு இருந்தால் மரம் குழாய் மாதிரி நிற்கும். சைக்கிள் பாரும் உள்ளே காலிதான், நம்மைச் சுமக்கவில்லையா? மட்டெக் சொன்ன ஒரு தோராயக் கணக்கு: தண்டின் ஆரத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்காவது கெட்டிச் சுவர் இருக்கவேண்டும். இதையே வேதவாக்காகப் பிடித்துக்கொள்ளக் கூடாது என்று வாதாடும் நிபுணர்களும் உண்டு. எங்கே ஓட்டை, எந்தப் பக்கம் வெடிப்பு, மேலே எவ்வளவு பாரம் என்பதையெல்லாம் சேர்த்துத்தான் முடிவு.

சுவர் எவ்வளவு என்று எப்படித் தெரியும்? அதற்கு மிஷின் வந்தது. பார்க்க டிரில்லிங் மிஷின் மாதிரி, ஆனால் ஊசி ரொம்ப மெல்லிசு. முனையே 3 மில்லிமீட்டர்தான். அது மரத்துக்குள் இறங்க இறங்க எவ்வளவு எதிர்ப்பு இருக்கிறது என்று காகிதத்தில் கோடு கோடாக வரைந்துகொண்டே போகிறது. கெட்டிக் கட்டையில் கோடு உயரே நிற்கிறது; உளுத்த இடம் வந்ததும் தொப்பென்று கீழே விழுகிறது. அச்சு அசல் ஈ.ஸி.ஜி.! (இதைவிட ஒசத்தியாக ஸ்கேனும் உண்டு. தண்டைச் சுற்றி ஸென்ஸர்களை மாட்டி, ஒவ்வொன்றாகத் தட்டி, சத்தம் உள்ளே எத்தனை வேகத்தில் போகிறது என்று அளந்து, கலரில் படம் போட்டுக் காட்டிவிடும். அதன் செலவைக் கேட்டு ஜி-2 ஸார் உட்கார்ந்துவிட்டார்.)

எங்கள் தூங்குமூஞ்சிக்கு ஆரம் 36 சென்டிமீட்டர். நாலு பக்கமும் எடுத்ததில், கெட்டிச் சுவர் மிகக் குறைச்சலாக இருந்த பக்கத்திலேயே 15 சென்டிமீட்டர். பாஸ்!

அப்படியானால் கிளை ஏன் விழுந்தது? மேடம் அண்ணாந்து பார்த்து, முறிந்த இடத்தைக் காட்டினார். எப்போதோ ஒரு புண்ணியவான் அங்கே ஏறி மரத்தை மொட்டையடித்திருக்கிறார். வெட்டின இடத்தைச் சுற்றித் திடுதிப்பென்று நாலைந்து கிளைகள் கிளம்பியிருக்கின்றன. அவை ஆழத்திலிருந்து வந்தவை அல்ல; மேல்தோலில் ஒட்டிக்கொண்டிருப்பவை. பார்க்கச் செழிப்பாக இருக்கும், பிடிப்பு இருக்காது. வெட்டுவாய் வழியே உளுப்பும் இறங்கும்.

"அப்ப ஒரேயடியா மொட்டையடிச்சு விட்டுட்டா?" என்று ஆரம்பித்த ஜி-2 ஸாரை மேடம் பார்த்த பார்வையில், அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. 'ஸேஃப்டிக்காக' என்று நாம் அடிக்கிற மொட்டைதான் அஞ்சு வருஷம் கழித்து விழப்போகும் கிளைக்குப் போடுகிற விதை.

தூங்குமூஞ்சிக்குத் தீர்ப்பு: விடுதலை. நிபந்தனைகள்: காய்ந்த கிளை ஒன்றையும் பலவீனமான இரண்டையும் முறைப்படி எடுக்கவேண்டும். தண்டில் அடித்திருக்கும் ஆணிகளையும், என்றைக்கோ தீபாவளிக்குக் கட்டிய ஸீரியல் லைட் கம்பியையும் கழற்றவேண்டும். வருஷம் ஒரு தடவை சோதனை. அப்புறம் கடைசியாக ஒன்று. அதைக் கேட்டு எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"பைக் ஸ்டாண்டை அந்தப் பக்கம் மாத்திடுங்க. மரத்தை நகர்த்த முடியாது. பைக்கை நகர்த்தலாமே?"

பதினாறு குடும்பம், இரண்டு மீட்டிங், ஒரு மரவெட்டி. யாருக்கும் தோன்றவில்லை.

எல்லோரும் சந்தோஷமாகக் கலையத் தொடங்கியபோது மேடம் கேட்டுக்குத் திரும்பினார். மயில்கொன்றையின் அடியில் வாட்ச்மேன் பிளாஸ்டிக் நாற்காலியை நகர்த்தச் சொன்னார். அடித்தண்டில், சுவர்ப் பக்கமாக, பழுப்பு நிறத்தில் தட்டு மாதிரி ஒரு காளான். உள்ளங்கை அகலம் இருக்கும்.

"இது அப்பப்ப வரும்மா. நான் பேத்து எறிஞ்சிடுவேன்" என்றார் வாட்ச்மேன், தன் சுத்தத்தில் பெருமையாக.

"காளான் வெளியில வர்றது வெறும் பழம்தான் அண்ணே. மரம் உள்ள இருக்கு. நீங்க பேத்தது பழத்தை" என்று சொல்லிவிட்டுக் குனிந்து உட்கார்ந்தார். நீளக் கம்பியை எடுத்து பேவர் கல்லின் இடுக்கில் குத்தினார். வேர் இருக்கவேண்டிய இடத்தில் அது அல்வாவில் இறங்குவதுபோல் இறங்கியது. சுத்தியலால் தட்டினார். 'டொம்'. இன்னும் கொஞ்சம் தள்ளி. 'டொம்'. இந்த முறை யாரும் 'உச்' கொட்டவில்லை.

"இந்தப் பக்கம் எப்பவாவது பள்ளம் தோண்டினீங்களா?"

எனக்கு வயிற்றில் என்னவோ செய்தது. "நாலு வருஷம் முன்னாடி... இல்ல, மூணு... ஃபைலைப் பார்த்துச் சொல்றேன்" என்று மேலே ஓடினேன்.

செகரட்டரியான கையோடு நான் செய்த முதல் 'சாதனை' அது. புதுச் சாக்கடை இணைப்பு, அதன் மேலே பளபளவென்று பேவர் கல். என்னை மேடை போட்டுப் பாராட்டாத குறை. ஃபைலில் வவுச்சர்கள் வரிசையாக இருந்தன. குழாய் வாங்கியது, கல் வாங்கியது, டீ செலவு. நடுவில் ஒன்று: 'குறுக்கே வந்த வேர் வெட்டிய கூலி: ரூ. 800.' அடியில் என் கையெழுத்து.

அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியே கீழே பார்த்தேன். செக்கச்செவேல் என்று பூ. பூவுக்குக் கீழே இஸ்திரி வண்டி. மேடம் வந்ததால் வேடிக்கை பார்க்க வந்த அண்ணன், மரத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றிருந்தார்.

ஒரு நிமிஷம் தோன்றத்தான் செய்தது. வவுச்சரை மடித்துப் பாக்கெட்டில் போட்டுவிட்டு, 'ஃபைல்ல ஒண்ணும் இல்ல மேடம்' என்று சொல்லிவிட்டால் என்ன? ஆனால் கேட்டது மரத்தின் டாக்டர். டாக்டரிடம் பொய் சொன்னால் யார் சாவது? கீழே போய் நீட்டினேன். அவர் படித்துவிட்டு என்னை ஒன்றும் சொல்லவில்லை. பொருளாளர்தான் வாங்கிப் பார்த்து, "இதுக்கு பில் அட்டாச் பண்ணலையே?" என்றார்.

"ஆணிவேர் கிணத்து ஆழத்துக்குப் போயிருக்குமே மேடம்?" என்று ஜி-2 ஸார் மெதுவாகக் கேட்டார். இந்த முறை கிண்டல் இல்லை.

"அப்படித்தான் எல்லாரும் நினைக்கறோம் ஸார்." பெரிய மரங்களில் பெரும்பாலானவற்றுக்கு வேரில் முக்கால்வாசி மேல்மண்ணில், இரண்டு மூன்று அடிக்குள்ளேயே கிடக்கிறது. வேருக்கும் மூச்சு விடக் காற்று வேண்டும். ஆழத்தில் காற்று ஏது? அதனால் அது பக்கவாட்டில், கிளை பரந்ததற்கும் அப்பால் வரை ஓடுகிறது. தண்டுக்குப் பக்கத்திலேயே பள்ளம் தோண்டினால், தண்ணி குடிக்கிற வேரோடு, மரத்தைப் பிடித்து நிறுத்துகிற வேரும் போய்விடுகிறது. மிச்ச வேர் தண்ணி கொடுத்துக்கொண்டே இருக்கும். மரம் பச்சையாக இருக்கும், பூக்கும், போட்டோவுக்கு நிற்கும். வெட்டுவாயில் உளுப்பு ஏற மூன்று நாலு வருஷம் எடுத்துக்கொள்ளும். பிறகு ஒரு நல்ல காற்று போதும்.

2016 டிசம்பர் 12 'வர்தா' புயலன்று சென்னையில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் மரங்கள் சாய்ந்தன. எத்தனையோ மரங்கள் முறியக்கூட இல்லை. அடிவேரோடு பெயர்ந்து, பிளாட்பாரக் கல்லையும் கவ்விக்கொண்டு படுத்துக்கிடந்தன. நம் தெருக்களை அலங்கரிக்கிற மயில்கொன்றை மடகாஸ்கரிலிருந்து வந்தது, தூங்குமூஞ்சி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. சீக்கிரம் நிழல் தரும் என்று நட்டுவிட்டு, வேர் பரவ ஒரு முழம் மண்ணையும் விடாமல் சுற்றிலும் கான்கிரீட் போட்டவர்கள் நாம்தான். (மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்காவது கான்கிரீட்டை எடுங்கள் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2013-லேயே டெல்லிக்கு உத்தரவு போட்டது.) புயல்கூட வேண்டாம். 2022 ஜூனில் சென்னை கே.கே. நகரில் போய்க்கொண்டிருந்த காரின் மேல் மரம் சாய்ந்து ஒரு பெண்மணி இறந்தார். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு நானும் 'த்சு' கொட்டிப் பக்கத்தைப் புரட்டினவன்தான்.

மயில்கொன்றைக்கு ரிப்போர்ட்டில் தெளிவாக எழுதியிருந்தார்: அகற்றவேண்டும். அதுவரை கயிறு கட்டி, அடியில் ஒருவரும் நிற்கக்கூடாது.

மாமி அழுதுவிட்டார். "கொல்கத்தால ஆலமரத்துக்கு நடுத்தண்டையே எடுத்துட்டு, இப்பவும் ஜோரா நிக்கறதாமே? இதுக்கும் ஏதாவது பண்ணப்படாதா?" மாமி சொன்னது சரிதான். ஹௌரா தாவரவியல் பூங்காவின் பெரிய ஆலமரத்துக்கு உளுப்பு வந்து 1925-ல் தாய்த்தண்டையே அகற்றினார்கள். விழுதுகளின் பலத்தில் மரம் இன்றும் காடு மாதிரி நிற்கிறது. நம் அடையாறு ஆலமரத்துக்கும் 1989 புயலில் நடுத்தண்டு சாய்ந்துபோயிற்று, விழுதுகள் விடவில்லை. தெலங்கானாவில் மகபூப்நகர் பக்கத்தில் பில்லலமர்ரி ஆலமரத்துக்குக் கரையான் பிடித்தபோது, 2018-ல் ஆஸ்பத்திரி மாதிரியே பாட்டில்களைத் தொங்கவிட்டு, ஊசி வழியே சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றினார்கள். ஆனால் ஆலமரத்துக்கு விழுது இருக்கிறது. எங்கள் மயில்கொன்றைக்கு இருந்தது வேர் மட்டும். அதற்குத்தான் நான் 800 ரூபாய் கொடுத்திருந்தேன்.

நான் ஒரு கேள்வி கேட்டேன். "தூங்குமூஞ்சி விழாதுன்னு காரன்ட்டி உண்டா மேடம்?"

"காரன்ட்டி கொடுக்கறவங்களை நம்பாதீங்க ஸார்" என்றார். சிங்கப்பூர் கதையைச் சொன்னார். அங்கே தாவரவியல் பூங்காவில் 270 வருஷத்துக்கு மேல் வயசான டெம்புசு மரம், 40 மீட்டர் உயரம். வருஷத்துக்கு இரண்டு தடவை பரிசோதனை. 2016 செப்டம்பர் சோதனையில் 'நன்றாக இருக்கிறது' என்று பதிவு. 2017 பிப்ரவரி 11-ம் தேதி அது அடியோடு சாய்ந்து ஒரு பெண் இறந்தார், நாலு பேருக்குக் காயம். மரத்தைப் பேணுவதில் உலகத்துக்கே பாடம் எடுக்கிற ஊர் அது! "நாங்க சொல்றது இன்னிக்கு, இந்தக் கண்ணுக்குத் தெரிஞ்ச வரைக்கும். அதனாலதான் அடுத்த வருஷம் திரும்பவும் வர்றோம்."

வெட்டுவதற்கு மனு போட்டோம். தமிழ்நாட்டில் பொது இடத்து மரம் என்றால் மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி இல்லாமல் கை வைக்க முடியாது. எங்களுடையது காம்பவுண்டுக்குள் இருந்தாலும், கிளை பாதி தெருவில் இருக்கிறதே! ரிப்போர்ட்டை இணைத்துக் கேட்டுக்கொண்டோம். ஆள் வந்து பார்த்தார், எழுதிக்கொண்டு போனார். அந்த மனு போன ஊர்வலத்தைச் சொன்னால் தனி வியாசம். பத்து வாரம் ஆயிற்று.

அந்தப் பத்து வாரம் என் வாழ்க்கையில் மறக்காது. இஸ்திரி வண்டியை அன்றைக்கே எதிர்ச்சுவருக்குத் தள்ளிவிட்டோம். அங்கே பதினோரு மணிக்கு மேல் பொட்டு நிழல் கிடையாது. ஒரு மத்தியானம் லீவில் இருந்தபோது பார்க்கிறேன், கயிற்றைத் தாண்டி மரத்தடியில் அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

"அண்ணே! எழுந்திருங்க, விழுந்துடும்!"

"பதினெட்டு வருஷமா விழல ஸார். நான் சோறு திங்கற பத்து நிமிசத்துலயா விழப்போவுது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. வவுச்சர் விஷயத்தைச் சொன்னேன். வேரை வெட்டச் சொன்னது நான்தான் என்று. அவர் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து, என்னை ஒரு தடவை, மரத்தை ஒரு தடவை பார்த்தார். "அன்னிக்கே என்னைக் கேட்டிருந்தா, குழாயை ரெண்டடி தள்ளிப் போடுன்னு சொல்லியிருப்பேனே ஸார்" என்று சொல்லிவிட்டு வெயிலுக்குப் போனார். ராத்திரி ராத்திரி காற்று அடித்தால் எனக்குத் தூக்கம் போய்விடும். ஜன்னலில் நின்று அந்தப் பூமரத்தைக் காவல் காத்திருக்கிறேன்.

செப்டம்பரில், மழைக்கு முன், மேலிருந்து துண்டு துண்டாகக் கயிறு கட்டி இறக்கினார்கள். மேடமும் வந்திருந்தார். அடிக்கட்டையைச் சுற்றித் தோண்டினபோது எல்லோரும் எட்டிப் பார்த்தோம். சாக்கடைப் பக்கத்து வேர்கள் கன்னங்கரேல் என்று, விரலால் தொட்டால் உதிர்ந்தன. சுவர்ப் பக்கத்திலும் அதே கதை. தெருப்பக்கம் தொடை கனத்துக்கு ஒரு வேர் மட்டும் வெளேர் என்று உயிரோடு இருந்தது.

"இந்த ஒத்த வேர்லயா ஸார் நின்னுச்சு?" என்றார் இஸ்திரி அண்ணன். அந்த வேருக்கு நேர் மேலேதான் பதினெட்டு வருஷமாக அவர் வண்டி.

"விழாத மரத்துக்கு இத்தனை செலவு" என்று ஆரம்பித்த ஜி-2 ஸார், குழிக்குள் பார்த்துவிட்டு, மெதுவாக உள்ளே போனார். அடுத்த வாரம் முட்டிவலிக்கு டாக்டரிடம் போனதாகக் கேள்வி.

நீங்கள் ஆபீஸ் போகிற வழியில் நிற்கிற மரத்தை நாளைக்கு ஒரு நிமிஷம் பாருங்களேன். அடியில் தட்டுக் காளான், புது மண்வெடிப்பு, சமீபத்தில் தோண்டி மூடிய பள்ளம், இலையில்லாத காய்ந்த கிளை, இரண்டு கிளைகள் ஒட்டி நெருக்கி 'வி' மாதிரி பிரிகிற இடத்தில் கீழே இறங்கும் கீறல்... இதில் எது இருந்தாலும் அரிவாளைத் தேடாதீர்கள், விவரம் தெரிந்தவரைத் தேடுங்கள். முதல் காரியமாக, அடியில் நிறுத்தியிருக்கிற பைக்கை எடுத்துவிடுங்கள்.

தூங்குமூஞ்சி இப்போதும் சாய்ந்துதான் நிற்கிறது. மைனா இரண்டாவது ஈடு குஞ்சு பொரித்துவிட்டது. கேட்டருகே, குழாயிலிருந்து நன்றாகத் தள்ளி, சுற்றிலும் பேவர் கல்லைப் பெயர்த்துவிட்டு, ஒரு புங்கங்கன்று வைத்திருக்கிறோம். என் இடுப்பு உயரம் வந்திருக்கிறது. இஸ்திரி அண்ணன் தன் பங்குக்குத் தினம் மூன்று சொம்பு ஊற்றுகிறார். சட்டைக்கு ஒரு ரூபாயும் ஏற்றிவிட்டார்.

"ஏண்ணே?" என்று கேட்டேன்.

"வெயில் சார்ஜ் ஸார். கன்னு வளர்ற வரைக்கும்."